மூன்று வேளைக்கு மாத்திரை

மெடிக்கல் ஷாப் கவுன்டரில் நின்று, "காய்ச்சல், உடம்பு வலி, தொண்டை கரகரங்குது. மூணு வேளைக்குக் கொடுங்கண்ணே" என்று கேட்டால் என்ன நடக்கும் என்று தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கடைக்காரர் நாலைந்து டப்பாக்களைத் திறப்பார். ஒவ்வோர் அட்டையிலிருந்தும் கத்தரிக்கோலால் மூன்று மூன்றாக நறுக்குவார். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், மூக்கொழுகலுக்கு ஒன்று, வயிறு எரியாமலிருக்க ஒன்று, 'சளி முறிய' ஒரு பெரிய கேப்சூல், சில கடைகளில் கூடவே ஒரு பொடி மாத்திரை. எல்லாவற்றையும் சின்னக் காகித உறையில் போட்டு, "சாப்பிட்டதும் போடுங்க, காலைல சரியாயிடும்" என்பார். டாக்டருக்குக் கொடுக்கும் ஃபீஸில் பாதிகூட ஆகாது. ஐந்து நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும்.

அந்தப் பெரிய கேப்சூல் பல நேரம் ஆன்டிபயாடிக். பொடி மாத்திரை பெரும்பாலும் ஸ்டீராய்டு. வாங்கியவருக்கு இரண்டுமே தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. டாக்டர் சீட்டில்லாமல் சாப்பிடக் கூடாத மருந்து என்று பார்த்ததுமே புரிய வேண்டும் என்பதற்காக ஆன்டிபயாடிக் அட்டையில் நெடுக ஒரு சிவப்புக் கோடு போட்டிருப்பார்கள். 2016-ல் மத்திய அரசு இதற்கென்று ஒரு பிரசாரமே நடத்தியது. மூன்று மாத்திரைக்கு நறுக்கிய துண்டில் அந்தக் கோடு வந்தாலும் வரும், வராமலும் போகும். மருந்தின் பெயர், காலாவதி தேதி, எச்சரிக்கை வாசகம் எல்லாம் பல நேரம் மீதி அட்டையோடு கடையிலேயே தங்கிவிடும். மூன்று வேளையில் காய்ச்சல் விட்டால் அத்தோடு சரி. விடவில்லை என்றால், "இன்னும் கொஞ்சம் பவரா" வேறொன்று.

இப்படி ஏன் வாங்குகிறோம் என்று கேட்டால், 'ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை' என்ற பதில் தயாராக இருக்கிறது. அந்தப் பதிலில் எனக்கு உடன்பாடில்லை. கவுன்டரில் நிற்கிறவர் யோசிக்காமல் வந்தவரல்ல. கையிலுள்ள பணம், நாளைய வேலை, ஆஸ்பத்திரியில் ஆகும் நேரம், போன தடவை எந்த மாத்திரை கேட்டது என்று எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். அந்தக் கணக்கு அவர் வரைக்கும் சரி. ஊர் மொத்தத்துக்கும்தான் அது தப்பாகப் போய் முடிகிறது.

எப்படித் தப்பாகிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும். வைரஸை ஒன்றும் செய்யாது. சாதாரண சளி, ஃப்ளூ, டெங்கு, கொரோனா, பெரும்பாலான தொண்டை வலி, சின்னக் குழந்தைகளின் வயிற்றுப்போக்கில் பெரும்பகுதி எல்லாம் வைரஸால் வருபவை. இவற்றுக்கு ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் நோய்க்கிருமிக்கு ஒரு கீறல்கூட விழாது. ஆனால் நம் குடலில் கோடிக்கணக்கில் வாழும் பாக்டீரியாக்கள் மேல் அந்த மருந்து பாயும். மருந்துக்கு அடங்குபவை சாகும், அடங்காத சில பிழைத்து அந்த இடத்தையும் பிடித்துக்கொள்ளும். மருந்தை எதிர்க்கும் மரபணுவை ஒரு பாக்டீரியா வேறு இனத்து பாக்டீரியாவுக்கும் நகலெடுத்துக் கொடுத்துவிடும். அப்புறம் அவை ஒருவர் வயிற்றோடு நிற்பதில்லை. மலத்தில், சாக்கடையில், கை வழியாக, தண்ணீர் வழியாக அடுத்த வீட்டுக்கும் போகும். சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமி முதலானோர் 2010-ல் வெளியிட்ட ஆய்வு, கடைசிக்கட்ட மருந்துகளான கார்பபெனம்களையே செயலிழக்கச் செய்யும் என்டிஎம்-1 என்ற நொதி சென்னையிலும் ஹரியானாவிலும் நோயாளிகளின் கிருமிகளில் இருப்பதைக் காட்டியது. அடுத்த ஆண்டு டெல்லியில் சோதித்தபோது, தெருவில் தேங்கிய நீரின் 171 மாதிரிகளில் 51-லும், குழாய்த் தண்ணீரின் 50 மாதிரிகளில் இரண்டிலும் அதே மரபணு இருந்தது. ஒரு மாத்திரைகூடச் சாப்பிடாதவரும் இதிலிருந்து ஒதுங்கி நிற்க முடியாது.

மருந்துக்கு அடங்காத கிருமிகளால் 2019-ல் இந்தியாவில் நேரடியாக இறந்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர் என்பது உலகளாவிய ஆய்வுக் குழு ஒன்றின் மதிப்பீடு. சிசேரியன், புற்றுநோய் மருத்துவம், சிறுநீரக மாற்று, குறைமாதக் குழந்தையைக் காப்பாற்றுவது என்று நாம் சாதாரணமாக நினைக்கும் எல்லாமே ஆன்டிபயாடிக் வேலை செய்யும் என்ற நம்பிக்கையில்தான் நடக்கின்றன.

சரி, கவுன்டருக்கே வருவோம். கட்டட வேலைக்குப் போகிற சித்தாளுக்கு ஒரு நாள் படுத்தால் அன்றைய கூலி இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் பார்க்கும் நேரமும் அவர் வேலை செய்யும் நேரமும் ஒன்றுதான். மருந்து அங்கே இலவசம், ஆனால் அதை வாங்க அரை நாள் கூலி போகும். தனியார் கிளினிக் சாயங்காலம் திறந்திருக்கும். அங்கே ஃபீஸ், ஊசி, மாத்திரை, 'எதுக்கும் ஒரு பிளட் டெஸ்ட்' என்று இன்னொரு நாள் கூலி போகும். ராத்திரி பத்து மணி வரை திறந்திருப்பதும், வரிசை இல்லாததும், கடன் சொல்லக்கூடியதும், பேர் சொல்லிக் கூப்பிடுவதும் மெடிக்கல் ஷாப்தான். வைரஸ் காய்ச்சலுக்கு உண்மையான மருந்து ஓய்வு. அதை வாங்க அவரிடம் வழியில்லை. விற்கப்படுவது கேப்சூல். விடுப்புக்குப் பதிலாக அதை வாங்குகிறார்.

ஓட்டுநர், செக்யூரிட்டி, வீட்டு வேலை செய்பவர், உணவு டெலிவரி செய்யும் பையன் எல்லோருக்கும் இதே கதைதான். ஐடி கம்பெனியில் வேலை பார்ப்பவருக்கு விடுப்பு உண்டு. ஆனால் வெள்ளிக்கிழமை முடிக்க வேண்டிய வேலை இருக்கிறது. பரீட்சை நேரத்தில் பிள்ளைக்குச் சளி பிடித்தால் படித்த பெற்றோரும், "டாக்டர், சீக்கிரம் சரியாகிற மாதிரி ஸ்ட்ராங்கா எழுதுங்க" என்றுதான் கேட்கிறார்கள். படிப்பு இங்கே பெரிய வித்தியாசம் செய்வதில்லை. சொல்லப்போனால், அசித்ரோமைசின் 500 என்று பெயரும் மில்லிகிராமும் சொல்லிக் கேட்பவர்கள் படித்தவர்களே.

இன்னொரு விஷயம் நம் அனுபவமே நம்மை ஏமாற்றுவது. சளிக்காய்ச்சலில் முதல் இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்போம். மூன்றாம் நாள் தாங்காமல் மாத்திரை வாங்குவோம். நான்காம் ஐந்தாம் நாளில் உடம்பு தேறும். மாத்திரை போடாவிட்டாலும் அந்த நாளில்தான் தேறியிருக்கும். ஆனால் கண்ணால் பார்த்தது மாத்திரை போட்டதும் காய்ச்சல் விட்டதும். கூடவே அந்தப் பொடி ஸ்டீராய்டு வீக்கத்தையும் வலியையும் அமுக்கி ஒரே இரவில் தெம்பு கொடுத்துவிடும். பெயரெல்லாம் ஆன்டிபயாடிக்குக்குப் போய்விடும். அடுத்த தடவை அதே பெயரைக் கேட்போம். வீட்டு டப்பாவில் மிச்சமிருக்கும் இரண்டை மாமியார் மருமகளுக்குக் கொடுப்பார், எதிர்வீட்டுக்காரரும் வாங்கிப் போவார். நல்ல மனசோடு நடக்கும் பரிமாற்றம் இது. அதனாலேயே தடுப்பது கஷ்டம்.

பெண்களின் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும், அது யார் பேச்சிலும் வருவதில்லை என்பதால். நம் ஊர்ப் பெரிய ஜவுளிக்கடைகளில் வேலை பார்க்கும் பெண்கள் பத்து மணி நேரத்துக்கும் மேல் நின்றபடியே இருப்பார்கள். உட்கார ஓர் இருக்கை கொடுக்க வேண்டும் என்பதற்கே 2021-ல் தமிழ்நாடு அரசு சட்டத் திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது. பாத்ரூம் போக வேண்டுமென்றால் சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டும். பண்டிகைக் கூட்டத்தில் கேட்கவும் முடியாது. அதனால் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்வார்கள். கார்மென்ட்ஸ் தையல் வரிசையில் இருப்பவர்களுக்கும், கழிப்பறை இல்லாத கடைகளில் நிற்கும் பெண்களுக்கும், ரோட்டோரம் காய்கறி விற்பவர்களுக்கும் இதே பழக்கம்தான். சிறுநீரை அடக்கி அடக்கி, தண்ணீரும் குடிக்காமல் இருந்தால் சிறுநீர்ப்பாதையில் தொற்று வரும். எரிச்சல், அடிவயிற்று வலி, நிமிஷத்துக்கொரு தரம் போக வேண்டும் என்ற உணர்வு.

இதை முதலில் 'உடம்புச் சூடு' என்று எடுத்துக்கொண்டு இளநீர், வெந்தயம், மோர் என்று பார்ப்பார்கள். அடங்காதபோது யாரிடம் சொல்வது? கல்யாணமாகாத பெண் மகப்பேறு டாக்டரிடம் போனால் ஊர் வேறு கதை கட்டும். மெடிக்கல் ஷாப்பில் நிற்பவரோ ஆண். "நீர்க்கடுப்புக்கு மாத்திரை" என்று தம்பியையோ கூட வேலை பார்க்கும் அக்காவையோ விட்டு வாங்கச் சொல்வார்கள். கேட்பவருக்கு விவரம் தெரியாது, கொடுப்பவரும் கேட்க மாட்டார். நார்ஃப்ளாக்சசினோ சிஃபிக்சிமோ நாலு மாத்திரை வரும். எரிச்சல் இரண்டு நாளில் குறைந்ததும் நிறுத்திவிடுவார்கள். வேலையிடம் மாறவில்லை, தண்ணீர் குடிப்பதும் மாறவில்லை. அடுத்த மாதம் திரும்ப வரும், திரும்ப நாலு மாத்திரை. இப்படி ஓரிரு வருஷம் ஓடிய பிறகு ஒரு நாள் குளிர்காய்ச்சலோடு சிறுநீரகம் வரை தொற்று ஏறி ஆஸ்பத்திரியில் சேரும்போது, யூரின் கல்ச்சர் அறிக்கையில் ஒவ்வொரு மருந்தின் எதிரிலும் 'கேட்காது' என்று வந்திருக்கும். பெரும்பாலான சிறுநீர்த் தொற்றுக்குக் காரணமான ஈ.கோலை பாக்டீரியா, இந்திய ஆஸ்பத்திரி மாதிரிகளில் சிப்ரோஃப்ளாக்சசினுக்கும் செஃபலோஸ்போரின்களுக்கும் பெரும்பாலும் அடங்குவதில்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆண்டறிக்கைகள் சொல்லிக்கொண்டே வருகின்றன. அந்தப் பெண்ணுக்கு விழிப்புணர்வு வகுப்பு எடுப்பதைவிட, கேட்காமலே போய்வர ஒரு கழிப்பறை கொடுப்பதுதான் சரியான மருத்துவம் என்று நான் நினைக்கிறேன்.

டாக்டரிடம் போனால் எல்லாம் சரியாகிவிடுமா? அதுவும் இல்லை. உலக அளவில் முதல்நிலை மருத்துவர்கள் ஒரு நோயாளிக்கு ஒதுக்கும் நேரத்தைத் தொகுத்து 2017-ல் ஓர் ஆய்வு வந்தது. ஸ்வீடனில் 22 நிமிடத்துக்கும் மேல். வங்கதேசத்தில் ஒரு நிமிடம்கூட இல்லை. இந்தியாவில் இரண்டு நிமிடம் சொச்சம். இரண்டு நிமிடத்தில் ஒருவர் நாக்கைப் பார்த்து, நெஞ்சில் ஸ்டெத் வைத்து, இது வைரஸ், தானாகப் போய்விடும், இன்னின்ன அறிகுறி வந்தால் மட்டும் திரும்பி வாருங்கள் என்று விளக்கவும் முடியுமா? சீட்டு எழுதுவது வேகமான வேலை. அப்படியே விளக்கி வெறும் பாராசிட்டமாலோடு அனுப்பினால், "ஃபீஸ் வாங்கிட்டு ஒண்ணுமே கொடுக்கலை" என்று அடுத்த தெரு கிளினிக்குக்குப் போய்விடுவோம். ஊசி போடுபவர்தான் கைராசிக்காரர் என்ற பெயரை ஊரில் ஏற்படுத்தி வைத்திருப்பது நாம்தான். நல்ல டாக்டரும் ஒரு கட்டத்தில் நம் எதிர்பார்ப்புக்கு இறங்கி வந்துவிடுகிறார். மருந்து கம்பெனிகளின் ரெப்கள் தரும் அழுத்தம் இதற்கு மேல்.

அதோடு சேர்ந்தது, நம் சிறுநகரங்களுக்கே உரிய 'டைஃபாய்டு லேசா இருக்கு' என்ற வாசகம். மூன்று நாள் காய்ச்சலோடு லேபுக்குப் போனால் விடால் டெஸ்ட் எடுப்பார்கள். 1896-லிருந்து இருக்கும் பழைய பரிசோதனை அது. ரத்தத்தில் டைஃபாய்டு கிருமிக்கு எதிரான புரதங்கள் இருக்கின்றனவா என்று பார்க்கும். நம்மைப் போல் டைஃபாய்டு புழங்கும் ஊரில் வாழ்பவர்களுக்கு எப்போதோ வந்துபோன தொற்றாலும், வேறு காய்ச்சலாலும்கூட அது பாசிட்டிவ் காட்டும். ஒரே ஒரு தடவை எடுத்த விடாலை வைத்து டைஃபாய்டு என்று முடிவு கட்ட முடியாது. சரியான வழி ரத்தக் கல்ச்சர். அதற்குச் செலவு அதிகம், முடிவு வர இரண்டு மூன்று நாளாவது ஆகும், எல்லா ஊர் லேபிலும் வசதி கிடையாது. ஏற்கெனவே மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய ஆன்டிபயாடிக் உடம்பில் இருந்தால், நிஜமான டைஃபாய்டிலும் கிருமி வளராமல் கல்ச்சர் ஏமாற்றிவிடும். அப்புறம் டாக்டருக்கும் இருட்டில் கை நீட்டுவதைத் தவிர வழியில்லை. செஃப்ட்ரியாக்சோன் ஊசி ஒரு வாரம் என்று எழுதுவார். டெங்குவோ சாதாரண வைரஸ் காய்ச்சலோ வந்த எத்தனையோ பேர் 'எனக்கு மூணு தடவை டைஃபாய்டு வந்திருக்கு' என்று சொல்வது இதனால்தான்.

மெடிக்கல் ஷாப்காரரைத் திட்டுவது சுலபம். பார்மசிஸ்ட் லைசென்ஸ் சுவரில் மாட்டியிருக்க, மாத்திரை எடுத்துக் கொடுப்பது பத்தாவது படித்த பையன் என்ற நிலை பல கடைகளில் இருப்பது உண்மை. ஆனால் ஆராய்ச்சி ஒன்று வேறொரு பக்கத்தையும் காட்டியது. டெல்லி, மும்பை, பாட்னா நகரங்களில் பயிற்சி பெற்றவர்களை நோயாளிபோல நடிக்க வைத்து மருந்துக் கடைகளுக்கு அனுப்பினார்கள். இரண்டு மூன்று வாரமாக இருமல், காய்ச்சல் என்று மட்டும் சொன்னவர்களுக்கு 37 சதவீதம் தடவைகளில் ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். அதே கடைகளில், காசநோய் உறுதியான லேப் அறிக்கையோடு போனவர்களுக்குக் கொடுத்தது 16 சதவீதம்தான். பெரும்பாலோர் டாக்டரைப் பாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். காசநோய்க்கான முதன்மை மருந்தை ஒரு கடைகூட விற்கவில்லை. நோய் இன்னதென்று தெரிந்தால் கடைக்காரரும் கை வைக்கத் தயங்குகிறார். தெரியாத இடத்தில்தான் ஆன்டிபயாடிக் நுழைகிறது.

தெரியப்படுத்தினால் மட்டும் போதுமா என்றால், போதாது என்பதற்கும் சான்று இருக்கிறது. மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்தில் பட்டம் இல்லாமல் வைத்தியம் பார்க்கும் சுமார் 300 பேரில் ஒரு பகுதியினருக்கு ஒன்பது மாதம் பயிற்சி கொடுத்தார்கள். 2016-ல் முடிவு வெளியானது. நோயைச் சரியாகக் கையாளும் திறன் கூடியிருந்தது. தேவையில்லாத மருந்தும் ஆன்டிபயாடிக்கும் கொடுப்பது மட்டும் குறையவே இல்லை. அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. மாத்திரை கொடுக்காமல் அனுப்பினால் பிழைப்பு நடக்காது. கடைக்காரருக்கும் அதே கதி. "சீட்டு இல்லாம தர மாட்டேன்" என்று ஒருவர் சொன்னால், எதிர்க்கடைக்காரர் தருவார். நேர்மையாக இருப்பவர் மட்டும் வாடிக்கையாளரை இழக்கும்படி அமைந்திருக்கிறது இந்த வியாபாரம்.

சட்டம் இல்லாமல் இல்லை. ஆன்டிபயாடிக் எல்லாமே டாக்டர் சீட்டுக்கு மட்டும் விற்க வேண்டிய 'ஷெட்யூல் எச்' பட்டியலில் வருபவைதான். யாரும் மதிக்கவில்லை. 2012-ல் சென்னையில் கூடிய மருத்துவ அமைப்புகள் 'சென்னைப் பிரகடனம்' என்ற திட்டத்தை முன்வைத்தன. எல்லா ஆன்டிபயாடிக்கையும் ஒரே நாளில் கடைகளில் கட்டுப்படுத்தினால், டாக்டரே இல்லாத ஊர்களில் நிமோனியா வந்தவருக்கும் மருந்து கிடைக்காமல் போகும் என்ற பயம் நியாயமானது. அதனால் வீரியமான மருந்துகளிலிருந்து தொடங்கலாம் என்றார்கள். 2014 மார்ச் முதல் 'ஷெட்யூல் எச்1' நடைமுறைக்கு வந்தது. அதில் 46 மருந்துகள். விற்றால் நோயாளி பெயர், எழுதிய டாக்டர் பெயர், அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். சிஃபிக்சிம், லீவோஃப்ளாக்சசின், மெரோபெனம் அதில் உண்டு. அமாக்சிசிலின், அசித்ரோமைசின், சிப்ரோஃப்ளாக்சசின் இல்லை. 2019-ல் இந்தியத் தனியார் சந்தையில் மிக அதிகமாக விற்ற ஆன்டிபயாடிக் அசித்ரோமைசின் 500 மில்லிகிராம் மாத்திரை. இரண்டாவது, எச்1-ல் இருக்கும் சிஃபிக்சிம் 200.

அடுத்த ஆண்டு கொரோனா வந்தது. யாரோ ஒருவருக்கு எழுதிய சீட்டு வாட்ஸ்அப்பில் ஊர் முழுக்கச் சுற்றி, வீட்டுக்கு வீடு அசித்ரோமைசின் வாங்கி வைத்தோம். 2020 ஜூன் முதல் செப்டம்பர் வரை மட்டும் இந்தியாவில் வழக்கத்தைவிடக் கூடுதலாக 21.6 கோடி டோஸ் ஆன்டிபயாடிக் விற்றதாகவும், அதில் 3.8 கோடி அசித்ரோமைசின் என்றும் ஒரு கணக்கு வந்தது. வீட்டிலிருந்த கொரோனா நோயாளிகளுக்கு அது பயன்படவில்லை என்பது பின்னால் பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வில் உறுதியானது. அந்த நாட்களின் பயத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆக்சிஜனுக்கும் படுக்கைக்கும் அலைந்த காலத்தில் கைக்கு எட்டியது அந்த மாத்திரை ஒன்றுதான்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். தலைக்கு இத்தனை என்று பார்த்தால் இந்தியர் சாப்பிடும் ஆன்டிபயாடிக் பல ஐரோப்பிய நாடுகளைவிடக் குறைவு. அதிகம் சாப்பிடுகிறோம் என்பதைவிட, வேண்டாத இடத்தில் சாப்பிடுகிறோம், எளிய மருந்து போதுமான இடத்தில் வீரியமானதை எடுக்கிறோம், தேவைப்படுகிறவருக்குச் சரியான மருந்து சரியான நாளில் போய்ச் சேருவதில்லை என்பதுதான் விஷயம். அதோடு தொற்றே அடிக்கடி வருகிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி முன்நின்று நடத்திய டைஃபாய்டு கணக்கெடுப்பின் முடிவு 2023-ல் வந்தது. வேலூர் நகரில் கணக்கெடுத்த பகுதிகளில் ஆண்டுக்கு ஒரு லட்சம் குழந்தைகளில் ஆயிரத்துக்கும் மேல் டைஃபாய்டு. புணே அருகே கிராமப் பகுதியில் ஐம்பதுகூட இல்லை. நெருக்கடியான நகரத் தெருக்களில் குடிநீர்க் குழாயும் சாக்கடையும் பக்கம் பக்கமாக ஓடும் இடத்தில், மாத்திரை செய்துகொண்டிருப்பது குடிநீர் வாரியம் செய்ய வேண்டிய வேலை. கோழிப்பண்ணை, கால்நடை, மருந்து ஆலைக் கழிவு என்று இன்னும் பல வாசல்கள் உண்டு. கோழித் தீவனத்தில் கொலிஸ்டின் சேர்ப்பதை 2019-ல்தான் மத்திய அரசு தடை செய்தது. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

எங்கேயாவது மாறியிருக்கிறதா? பக்கத்தில் கேரளத்தில் கொஞ்சம் மாறியிருக்கிறது. 2018-லேயே மாநில அளவில் செயல்திட்டம் போட்ட முதல் மாநிலம் அது. 2024-ல் 'ஆபரேஷன் அம்ரித்' என்று மருந்துக் கடைகளில் திடீர் சோதனை தொடங்கினார்கள். சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் கிடையாது என்று எல்லாக் கடைகளிலும் போர்டு வைக்கச் சொன்னார்கள். விற்பனை 20 முதல் 30 சதவீதம் வரை குறைந்ததாக அந்த அரசு சொன்னது. எல்லாக் கடைகளுக்கும் ஒரே நேரத்தில் ஒரே விதி என்றால், எதிர்க்கடை பயம் போய்விடுகிறது. ஆனால் கேரளத்தில் இது முடிந்ததற்கு, நடந்து போகும் தூரத்தில் அரசு டாக்டர் இருப்பதும் காரணம். டாக்டர் இல்லாத இடத்தில் கடையை மட்டும் பூட்டினால் நோயாளிக்கு ஒன்றுமே மிஞ்சாது.

அந்த வகையில் தமிழ்நாட்டில் 2023-ல் திறந்த நகர்ப்புற நலவாழ்வு மையங்களை நான் முக்கியமானதாக நினைக்கிறேன். காலை 8 முதல் 12 வரை, பிறகு மாலை 4 முதல் இரவு 8 வரை அங்கே டாக்டர் இருக்கும்படி நேரம் வைத்தார்கள். வேலை முடிந்து வருகிறவருக்காக வைத்த நேரம் அது. ஃபீஸ் இல்லை, கூலியும் போகாது. கூட்டிக் கழித்துப் பார்க்கும் கணக்கையே மாற்றக்கூடிய ஏற்பாடு. அது கிராமங்களுக்கும் வர வேண்டும்.

நம் கையில் இருப்பவற்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வார்டில் இப்படி ஒரு மையம் இருக்கிறதா என்று காய்ச்சல் வருவதற்கு முன்பே தெரிந்து வையுங்கள். கடையில் வாங்கத்தான் வேண்டியிருக்கிறது என்றால், "காய்ச்சலுக்கு பாராசிட்டமால் மட்டும் கொடுங்க, ஆன்டிபயாடிக் வேண்டாம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பெரும்பாலான கடைக்காரர்கள் சந்தோஷமாகவே அப்படிக் கொடுப்பார்கள். எந்த மருந்தானாலும் பெயரும் தேதியும் இருக்கும் பகுதியோடு அட்டையைக் கேட்டு வாங்குங்கள், பில்லும் கேளுங்கள். டாக்டர் எழுதினால், "இதில் ஆன்டிபயாடிக் எது, எத்தனை நாள், இது இல்லாமல் இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கலாமா" என்று கேட்கலாம். கேட்டால் கோபப்படுவார் என்று தயங்க வேண்டாம். மாத்திரை எதிர்பார்க்காத நோயாளி வந்தால் பல டாக்டர்களுக்கு அது நிம்மதி.

எத்தனை நாள் என்பதில் ஒரு குழப்பம் உண்டு. 'கோர்ஸை முழுசா முடிக்காவிட்டால் கிருமி பலமாகிவிடும்' என்று காலங்காலமாகச் சொல்லி வந்தார்கள். காசநோய்க்கும் டைஃபாய்டுக்கும் முழுக்க முடிப்பது கட்டாயம். ஆனால் பல சாதாரணத் தொற்றுகளுக்கு முன்பு எழுதிய நாட்களைவிடக் குறைந்த நாட்களே போதும் என்று இப்போதைய ஆய்வுகள் காட்டுகின்றன. அதனால் டாக்டர் மூன்று நாளோ ஐந்து நாளோ எழுதினால், அதை அப்படியே முடியுங்கள். நீங்களாக நீட்டவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். மிச்சத்தை எடுத்துவைத்து இன்னொருவருக்குக் கொடுக்கவே வேண்டாம். வயிற்றுப்போக்குக்கு முதல் மருந்து ஓஆர்எஸ். குழந்தைக்கு அதோடு ஜிங்க். மலத்தில் ரத்தம் இருந்தால் டாக்டர்.

கடைசியாக, இதையெல்லாம் படித்துவிட்டு ஆன்டிபயாடிக் என்றாலே பயந்து, போக வேண்டிய நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடக் கூடாது. மூன்று நாளுக்கு மேல் விடாத காய்ச்சல், மூச்சிரைப்பு, குழப்பமான பேச்சு, சிறுநீர் குறைவது, எதையும் குடிக்க முடியாத வாந்தி, மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு வரும் எந்தக் காய்ச்சலும் காத்திருக்கக் கூடாதவை. இருமலும் காய்ச்சலும் உள்ள குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணிப் பாருங்கள். இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் என்றால் 50-ம் அதற்கு மேலும், ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் என்றால் 40-ம் அதற்கு மேலும் இருந்தால் நிமோனியாவாக இருக்கலாம். விலா எலும்புக்குக் கீழே நெஞ்சு உள்வாங்கினால் இன்னும் அவசரம். அந்தக் குழந்தையை அன்றைக்கே டாக்டர் பார்க்க வேண்டும். நிமோனியாவுக்கு உலக சுகாதார அமைப்பு முதலில் கொடுக்கச் சொல்வது பழைய, விலை குறைந்த அமாக்சிசிலினைத்தான்.